ஒரே ஃபைலை நாலு தடவை திறக்காதீர்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 4 வருடமாக வேலை பார்க்கிறேன். ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ பயிற்சிக் காலம்) முடித்துவிட்டேன், சிஏ ஃபைனலில் ஒரு குரூப் பாக்கி. என் கையில் செப்டம்பர் 30க்குள் முடிக்கவேண்டிய 38 டாக்ஸ் ஆடிட் (வருமான வரிக்கான கணக்குத் தணிக்கை) ஃபைல்கள். எல்லாம் நிட்டிங், ஸ்டிச்சிங் யூனிட்கள். ஆகஸ்ட் கடைசி வரை பார்ட்டிகள் (கிளையன்ட்கள்) கணக்கே தருவதில்லை. செப்டம்பர் முழுக்க வீட்டுக்குப் போக ராத்திரி 11 மணி. ரிவ்யூவில் சார் (ஆடிட்டர்) 30 கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறார். லேட் ஆனால் "ஸ்டாஃப் லேட் பண்ணிட்டாங்க" என்று பார்ட்டியிடம் சொல்லிவிடுகிறார். லாபம் அவர் நினைத்த மாதிரி வராவிட்டால் "ஸ்டாக்கைப் பார்த்துப் போடும்மா" என்கிறார். இந்த வருடம் ஜூலையிலேயே பயம் வந்துவிட்டது. வேலையை விட்டுவிடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: விடுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை, ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் போக, ஏறத்தாழ 63 வேலை நாட்கள். மாதாமாதம் 11ஆம் தேதிக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 20ஆம் தேதிக்கு 3பி (ஜிஎஸ்டி கட்டும் ரிட்டர்ன்), ஜூலை 31க்கு முதல் காலாண்டு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) ரிட்டர்ன் என்று ஒரு 13 நாள் போய்விடும். மிச்சம் 50. அதை 38ஆல் வகுத்தால் ஃபைல் ஒன்றுக்கு 1.3 நாள்.

4 கோடி ரூபாய் டர்னோவர் உள்ள ஒரு நிட்டிங் யூனிட்டின் கணக்கு டாலி சாஃப்ட்வேரில் ஏறி, எல்லாப் பேப்பரும் மேஜையில் இருந்தால், 1.3 நாளில் முடியும். நெருக்கடிதான், ஆனால் முடியும். உங்களைக் கவிழ்ப்பது 38 என்ற எண் அல்ல. பேப்பர் பாதி வந்ததும் ஃபைலைத் திறக்கிறீர்கள். ரெண்டு நாள் கழித்து பேங்க் ஸ்டேட்மென்ட் வருகிறது, மறுபடி திறக்கிறீர்கள். ரிவ்யூ முடிந்து வந்ததும் மூன்றாவது தடவை. கடன் கன்ஃபர்மேஷன் (கடன் கொடுத்தவரின் உறுதிக் கடிதம்) வந்ததும் நாலாவது தடவை. ஒவ்வொரு முறையும் "இந்த சஸ்பென்ஸ் 1,40,000 எதுக்கு வந்தது?" என்று, எதில் சேர்ப்பது எனத் தெரியாமல் ஒதுக்கிவைத்த தொகையைப் பற்றி ஆரம்பத்திலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி 11 மணி ஆவது இங்கேதான்.

அதனால் ஜூலையில் செய்யவேண்டியது, பார்ட்டி இல்லாமலேயே முடியக்கூடிய வேலையை முடித்துவைப்பது. இது நிறையப் பேர் கவனிக்காத விஷயம். பார்ட்டியின் 3பி, ஜிஎஸ்டிஆர்-1 எல்லாம் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, தாக்கல் செய்ததே நீங்கள்தான். டிடிஎஸ் ரிட்டர்னும் அப்படித்தான். 26ஏஎஸ்-உம் (பார்ட்டி பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) ஏஐஎஸ்-உம் (வருடாந்தரத் தகவல் அறிக்கை) இன்கம்டாக்ஸ் போர்ட்டலில் கிடைக்கும். 12 மாத 3பியைக் கூட்டி ஒரு தாள், 26ஏஎஸ் வரவுகளை ஒரு தாள், டிடிஎஸ் பிடித்த செலவுகளை ஒரு தாள் என்று 38 பேருக்கும் எடுத்துவையுங்கள். ஆர்ட்டிகிள் பையன் ஒருவன் கூட இருந்தால் ஒரு வாரத்து வேலை. டாலி டேட்டா வந்த அன்று இந்தத் தாள்களோடு ஒப்பிடுவது மட்டும் பாக்கியிருக்கும்.

ஒப்பிடும்போது என்ன வரும் என்று ஒரு உதாரணம். டாலியில் விற்பனை ரூ.4,18,60,000. 3பியின் 12 மாதக் கூட்டல் ரூ.4,31,10,000. வித்தியாசம் 12,50,000. பதறிப்போய் விற்பனை லெட்ஜரை வரிவரியாகப் பார்க்காதீர்கள். முதலில் நிலையான சொத்து லெட்ஜரைத் திறங்கள். பழைய நிட்டிங் மெஷினை 9,00,000க்கு விற்றிருப்பார்கள். அது ஜிஎஸ்டியில் சப்ளை, லாப நட்டக் கணக்கில் விற்பனை அல்ல. பிறகு மார்ச், ஏப்ரல் கிரெடிட் நோட்டுகள். மார்ச்சில் டாலியில் 3,50,000 குறைத்துவிட்டு, ரிட்டர்னில் ஏப்ரலில் காட்டியிருப்பார்கள். 9,00,000 + 3,50,000. முடிந்தது. இந்த வரிசையில் தேடினால் பத்தில் எட்டு வித்தியாசம் அரை மணிக்குள் பிடிபடும். மீதி, எக்ஸ்போர்ட்டரிடம் ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்யும் யூனிட்களில் வரும். இவர்கள் மார்ச்சில் போட்ட பில்லை அவர்கள் ஏப்ரலில் எண்ட்ரி போட்டு டிடிஎஸ் பிடிப்பார்கள், 26ஏஎஸ் அடுத்த வருடத்தில் போய் நிற்கும்.

பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் ஆக வரும். டாலிக்குள் இழுப்பதற்கு முன் ஒரே ஒரு கணக்கு: ஆரம்ப இருப்பு + வரவு - பற்று = கடைசி இருப்பு. வரவில்லை என்றால் நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது, இழுத்து முடித்த பிறகு தேடினால் ஒரு சாயங்காலம் போய்விடும். கையால் எண்ட்ரி போட்ட கணக்கில் வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 8,200ஐ 2,800 என்று போட்டால் 5,400 உதைக்கும். வித்தியாசத்தின் சரிபாதித் தொகையில் ஒரு எண்ட்ரி இருந்தால், அது வரவுக்குப் பதில் பற்றில் ஏறியிருக்கும். பழைய கணக்குப்பிள்ளைகள் கையாண்ட உபாயம்தான், இன்னும் வேலை செய்கிறது.

உங்கள் ஊர் யூனிட்களில் 3சிடியை (டாக்ஸ் ஆடிட் விவரப் படிவம்) நிறுத்திவைப்பது மூன்று இடங்கள். (இங்கே நான் சொல்வது 1961 சட்டத்தின்படி. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தாலும், 2025-26 கணக்குக்குப் பழையதுதான்.)

முதலாவது ரொக்கம். டர்னோவர் 10 கோடிக்குள் இருந்தும் இத்தனை பேர் டாக்ஸ் ஆடிட்டுக்குள் வருவதற்கே காரணம் ரொக்க வரவோ பட்டுவாடாவோ 5 சதவீதத்தைத் தாண்டுவதுதான். சனிக்கிழமை சம்பளத்துக்கு பேங்கில் எடுத்த பணம் மொத்தமாக "கூலி" என்று ஒரே எண்ட்ரியில் கிடக்கும். தொழிலாளிகளுக்குத் தனித்தனியாகப் போனால் பிரச்சினை இல்லை. பவர் டேபிள் (தையல்) கான்ட்ராக்டர் ஒருவருக்கே ஒரே நாளில் 85,500 ரொக்கமாகப் போயிருந்தால் 40ஏ(3) பிரிவின்படி அந்தச் செலவு முழுவதும் தள்ளுபடி, அதாவது செலவாக ஏற்கமாட்டார்கள். அதை 9,500, 9,500 என்று ஒன்பது வவுச்சராகக் கிழித்து வைத்தாலும் பயனில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் கொடுத்தது எல்லாம் சேர்ந்துதான் 10,000 என்ற வரம்பு. ஒன்பது வவுச்சரையும் ஒரே கை எழுதியிருப்பது வேறு கண்ணில் படும்.

இரண்டாவது, ஜாப் ஒர்க் கூலிக்கு டிடிஎஸ். தனி பில் 30,000ஐத் தாண்டினாலோ வருடக் கூட்டல் 1,00,000ஐத் தாண்டினாலோ பிடிக்கவேண்டும், தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் 1 சதவீதம், மற்றவர்களுக்கு 2. பிடிக்காவிட்டால் செலவில் 30 சதவீதம் தள்ளுபடி. டையிங், பிரிண்டிங், காம்பாக்டிங் லெட்ஜர்களை டிடிஎஸ் ரிட்டர்னோடு ஒப்பிட்டுவிட்டால் போதும். "ஃபிரைட்" லெட்ஜரில் ஒளிந்திருக்கும் ஸ்டிச்சிங் கூலியையும் ஒரு பார்வை பாருங்கள்.

மூன்றாவது 43பி(எச்) பிரிவு. மைக்ரோ, ஸ்மால் யூனிட்களுக்குத் தரவேண்டிய பாக்கி, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். அந்தக் கெடு தாண்டி மார்ச் 31இல் நிலுவையில் நின்றால் இந்த வருடம் செலவாக எடுக்கமுடியாது, ரிட்டர்னுக்கு முன் கட்டினாலும் மீளாது. இங்கே பலரும் செய்யும் தவறு, கிரெடிட்டார்ஸ் லிஸ்ட்டில் உத்யம் (சிறுதொழில் பதிவு) நம்பர் உள்ள எல்லோரையும் சேர்த்துவிடுவது. நூல் வியாபாரி டிரேடர், அவருக்கு உத்யம் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். டையிங் யூனிட் போல உற்பத்தியோ சேவையோ செய்பவர்தான் இதற்குள் வருவார். ஆகவே டிரேடர்களை விட்டுவிட்டு மற்றவர்களின் உத்யம் சான்றிதழை மட்டும் கேட்டால் போதும், லிஸ்ட் குறைந்துவிடும்.

பிஎஃப், ஈஎஸ்ஐ பற்றி ஒரு வரி. தொழிலாளி பங்கு 15ஆம் தேதி தாண்டினால் தள்ளுபடிதான். 2022இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டது, சாரிடம் விவாதிக்கவேண்டாம்.

இனி பார்ட்டிகள். "கணக்கு வரவில்லை" என்று முதலாளிக்குப் போன் போட்டு என்ன ஆகப்போகிறது? அவர் கணக்கு எழுதுவதில்லை. எழுதுபவர் ஐந்தாறு யூனிட்டுக்குச் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் போகும் பார்ட் டைம் அக்கவுண்டன்ட். அவர் எந்தக் கிழமை எந்த யூனிட்டில் உட்காருகிறார் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 38 ஃபைல்களில் ஒரே ஆள் நாலைந்துக்கு எழுதுவதும் நடக்கும். அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்தால் நாலு ஃபைல் நகரும்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. 22 கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒன்றுக்கும் பதில் வராது. "அன்செக்யூர்ட் லோன் டீடெய்ல்ஸ் அனுப்பவும்" என்று கேட்டால் எதை அனுப்புவது என்று அவருக்கே தெரியாது. இப்படி அனுப்புங்கள்:

"அண்ணா, 2025-26க்கு 3 விஷயம் மட்டும் வேணுங்க. 14.11.2025 கரண்ட் அக்கவுண்டில் 3,00,000 வரவு, யார் கொடுத்தது? நிட்டிங் மெஷின் வித்த இன்வாய்ஸ் காப்பி ஒண்ணு. மார்ச் 31 நூல் ஸ்டாக், ரூபாய்ல வேண்டாம், கிலோவுல. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுங்களா?"

தேதி, தொகை, கிழமை மூன்றும் இருந்தால் பதில் வருகிறது. அது வந்த பிறகு அடுத்த மூன்று.

ஜூலையிலேயே கேட்டுவைக்கவேண்டிய இன்னொன்று, கணக்கோடு சம்பந்தமில்லாதது: பார்ட்டியின் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது, ஆதாரோடு இணைந்த மொபைல் நம்பர் இப்போது யார் கையில் இருக்கிறது, இன்கம்டாக்ஸ் போர்ட்டல் பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா, சாரைத் தங்கள் ஆடிட்டராக "மை சிஏ"வில் சேர்த்திருக்கிறார்களா. சார் கையெழுத்துப் போட்டு அப்லோட் செய்ததோடு டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் தாக்கல் ஆகிவிடுவதில்லை, பார்ட்டி தன் லாகினில் போய் ஏற்கவேண்டும். செப்டம்பர் 30 ராத்திரி எல்லா வேலையும் முடிந்து, ஓடிபி போகிற நம்பர் மகன் படிக்கும் ஊரில் இருந்தால் அந்த ஃபைல் தாக்கல் ஆகாத ஃபைல்தான். அபராதம் டர்னோவரில் அரை சதவீதம் அல்லது ரூ.1,50,000, எது குறைவோ அது. மேலே சொன்ன 4.18 கோடி யூனிட்டுக்கு அரை சதவீதமே 2,09,300, ஆகவே ஒன்றரை லட்சம். இந்தத் தொகையைச் சொல்லிக் கேளுங்கள், மகன் நம்பர் உடனே வரும்.

"எக்ஸ்டென்ஷன் வரும்" என்று பார்ட்டி சொல்வார். வரலாம். 2024இல் செப்டம்பர் 29ஆம் தேதிதான் அறிவித்தார்கள், கிடைத்ததும் 7 நாள்தான். 2025இல் முதலில் அக்டோபர் 31, பிறகு நவம்பர் 10 என்று தள்ளிப்போனது. அதை நம்பி ஃபைலைத் தள்ளிப்போட்டால், நீட்டிப்பு வந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அக்டோபரிலும் அதே 11 மணி.

ரிவ்யூவுக்கு வருவோம். 30 கேள்விகளைப் போன வருட ஃபைல்களிலிருந்து எடுத்து அடுக்கிப் பாருங்கள், 20 கேள்வி எல்லா ஃபைலிலும் ஒன்றாகத்தான் இருக்கும். கிராஸ் பிராஃபிட் ஏன் குறைந்தது, கரண்ட் பில் ஏன் ஏறியது, கடன் கன்ஃபர்மேஷன் எங்கே, டிராயிங்ஸில் (முதலாளி சொந்தச் செலவுக்கு எடுத்தது) எல்ஐசி போயிருக்கிறதா. இந்த 20க்கும் பதிலை ஒரே பக்கத்தில் எழுதி ஃபைலின் மேலே வைத்துக் கொடுங்கள். அதைவிட முக்கியம், கணக்கு முதலில் வந்த மூன்று ஃபைலை ஜூலை கடைசிக்குள் முழுசாக முடித்து ரிவ்யூவுக்கு வைப்பது. ஜூலையில் சாருக்கு நேரம் இருக்கும், பொறுமையும் இருக்கும். அந்த மூன்றில் அவர் கேட்டதை மீதி 35க்கும் முன்கூட்டியே செய்துவிடலாம். 25 ஃபைலைச் சேர்த்துவைத்து செப்டம்பர் 15இல் மேஜையில் போட்டால், எந்த ஆடிட்டரும் ராத்திரியில்தான் பார்ப்பார், அந்த நேரத்துக் கோபத்தோடுதான் எழுதுவார். அவரும் மனிதர்தானே.

பழி விஷயத்துக்கு வாய்ப்பேச்சு உதவாது. ஒரு எக்செல் ஷீட்: பார்ட்டி பெயர், கணக்கு கேட்ட தேதி, வந்த தேதி, என்ன பாக்கி, ரிவ்யூவுக்குக் கொடுத்த தேதி, திரும்பிய தேதி. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் சாருக்கு அனுப்பிவிடுங்கள், எதுவும் எழுதாமல். மூன்று சனிக்கிழமை போனால் எந்த ஃபைல் எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவருடைய மேஜையில் நிற்பதும் சேர்த்து. ஆகஸ்ட் 10 வாக்கில், "ஆகஸ்ட் 31க்குப் பிறகு வரும் கணக்குகளைக் கெடுவுக்குள் முடிக்க ஆபீஸ் பொறுப்பேற்க முடியாது" என்று பார்ட்டிகளுக்கு ஒரு கடிதம், அவர் பெயரில் நீங்களே டைப் அடித்துக் கொண்டுபோய் வையுங்கள். "எழுதலாமா சார்?" என்று கேட்டால் தள்ளிப்போடுவார். அடித்து வைத்தால் அனுப்பிவிடுவார்.

கடைசியாக ஸ்டாக். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்த வரிதான். மற்றதெல்லாம் அலுப்பு, இது வேறு.

மூடும் இருப்பை, அதாவது வருடக் கடைசி ஸ்டாக்கை, இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கி லாபத்தை வரவழைப்பது எவ்வளவு சுலபமோ, கண்டுபிடிப்பதும் அவ்வளவு சுலபம். நூலுக்குக் கிலோ இருக்கிறது. ஆரம்ப இருப்பு 4,200 கிலோ. வருடத்தில் வாங்கியது 61,000. நிட்டிங்குக்குப் போனது 62,500. மிச்சம் 2,700 கிலோதான் இருக்கமுடியும். வாங்கிய விலை கிலோ 260 என்றால் ரூ.7,02,000. இப்போது லாபம் வேண்டும் என்று நூல் ஸ்டாக்கை 19,00,000 என்று போட்டால், அது ஏறத்தாழ 7,300 கிலோ. மேலதிகமான 4,600 கிலோ நூல் எங்கிருந்து வந்தது? பில் இல்லாமல் வாங்கியது என்றுதான் பொருள்படும். 3சிடியில் 35ஆவது பத்தியில் அளவு விவரத்தைக் கிலோவில் நீங்களே நிரப்பியாகவேண்டும், இந்த 4,600 அங்கே வந்து நிற்கும். போதாததற்கு, சிசி லிமிட்டுக்காக (பேங்க் கடன் வரம்பு) மார்ச் 31 ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்று பேங்குக்குப் போனது இன்னொரு எண்ணாக இருக்கும். டாலியில் ஒன்று, 3சிடியில் ஒன்று, பேங்கில் ஒன்று. ஒரு அதிகாரி மூன்றையும் பக்கத்தில் வைக்க ஐந்து நிமிடம் போதும்.

நீங்கள் செய்யவேண்டியது: ஸ்டாக்கை ரூபாயில் வாங்காதீர்கள். நூல், கிரே துணி, ஃபினிஷ்டு துணி, பீஸ் என்று கிலோவிலும் எண்ணிக்கையிலும் பார்ட்டி கையெழுத்திட்ட லிஸ்ட் வாங்குங்கள். விலையை நீங்கள் போடுங்கள், வாங்கிய பில்லை வைத்து. பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வேறாக இருந்தால் பார்ட்டியிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். "பார்த்துப் போடும்மா" என்று சார் சொன்னால், மேலே உள்ள கிலோக் கணக்கை ஒரு தாளில் எழுதி, "சார், 19 லட்சம் போட்டா 4,600 கிலோ உதைக்குது, எந்த பில்லை வைக்கட்டும்?" என்று கேளுங்கள். நீங்கள் மறுக்கவில்லை, பில் கேட்கிறீர்கள். பெரும்பாலான ஆடிட்டர்கள் அந்த இடத்தில் பின்வாங்கிவிடுவார்கள், ஏனென்றால் யுடின் (ரிப்போர்ட்டுக்கு ஆடிட்டர் எடுக்கும் அடையாள எண்) அவர் பெயரில் போகிறது. அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், ஃபைலில் வையுங்கள். ரிப்போர்ட் தேதியிலிருந்து 60 நாளுக்குள் ஒர்க்கிங் பேப்பர் முழுவதையும் ஒழுங்குசெய்து வைக்கவேண்டும் என்பது தணிக்கைத் தரநிலை 230. பிறகு யாராவது கேட்டால் பேசப்போவது அந்தத் தாள்தான்.

வேலையை விடுவது பற்றி. 11 மணிக்காக மட்டும் என்றால் இந்த ஒரு சீசன் மேலே சொன்னபடி செய்துபாருங்கள். எக்ஸ்போர்ட் கம்பெனி அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குப் போனால் நெருக்கடி மறையாது, செப்டம்பருக்குப் பதில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வரும். ஆனால் கிலோக் கணக்கைக் காட்டிய பிறகும் "நீ போடு, நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னால், ஒன்றுக்கு மேற்பட்ட ஃபைலில் சொன்னால், அக்டோபரில் கிளம்பிவிடுங்கள். சீசன் நடுவில் கிளம்பவேண்டாம். அனுபவச் சான்றிதழும் கடைசி மாதச் சம்பளமும் அவர் கையில் இருக்கிறது.

பாக்கி குரூப்புக்கு, சீசனை ஒட்டி வரும் அட்டெம்ப்ட்டில் உட்காராதீர்கள். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் கூட்டலில் 50 சதவீதம் வேண்டும். செப்டம்பரில் ராத்திரி வீடு திரும்பிப் படித்து அந்த 50ஐத் தொடுவது கடினம். அடுத்த அட்டெம்ப்ட்டுக்கு எத்தனை நாள் லீவு என்பதை இப்போதே, ஜூலையில், சாரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சீசனுக்கு ஆள் தேவைப்படும் மாதத்தில் கேட்டால்தான் கிடைக்கும்.

இந்த வாரம் ஷீட்டைத் திறந்து 38 பெயரையும் டைப் அடியுங்கள். பக்கத்தில் டிஎஸ்சி காலாவதித் தேதி, கணக்கு எழுதுபவர் பெயர், அவர் உட்காரும் கிழமை.